சுருதிப்பெட்டிக்கு ஒரு முகம்

டில்லி கோல் மார்க்கெட் அச்சுதன் சிங்கப்பூரிலிருந்து சுருதிப்பெட்டி தருவித்து விற்கிறாராம் என்று துவாரகாவில் ஏதோ ஒரு மாமி சொன்னதாக ஆபீஸ் கேன்டீனில் வைத்தி சொன்னார். "கஸ்டம்ஸ்காரன் கதவைத் தட்டப்போறான் ஓய், ஜாக்கிரதை!"

அச்சுதனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவில் உட்கார்ந்து அவரே செய்கிற பெட்டி அது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், முகம்தான் விஷயம் என்பது அவர் கட்சி. அலுமினியத் தகட்டை உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்ப்பார். எழுத்துகளைப் பிளாஸ்டிக் ஷீட்டில் இடவலம் மாற்றி அச்சடித்து, மை உள்பக்கம் போகும்படி ஒட்டுவார். எத்தனை விரல் பட்டாலும் அழியாது. அச்சடித்துத் தரும் கரோல் பாக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "ஃபிர் உல்ட்டா, சாப்?" என்று தலைகீழ் எழுத்தைக் காட்டிச் சிரிப்பார்.

இந்தப் பெட்டி மைத்துனி மாதங்கிக்கு. சுருதி விலகுகிறதென்று சபாவில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்து, பாட்டையே விட்டவள். அச்சுதன்தான் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மேடையேறச் சம்மதிக்க வைத்தார். துவாரகா கச்சேரியன்று மத்தியானம் பெட்டியை வாங்க வந்தவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அத்திம்பேர், கடைல வாங்கினாக்கூட இப்படி இருக்காது!"

"பெட்டி பாடறதோ இல்லையோ, உங்க அத்திம்பேர் அதுக்குப் பவுடர் போட்டுப் பொட்டு வெச்சுடுவார்" என்றாள் அவள் அக்கா ராஜலக்ஷ்மி.

"அவ கிடக்கா. அஞ்சு கட்டைல வெச்சிருக்கேன். 'சுருதி'ன்னு போட்டிருக்கிற குமிழைத் தொடவே தொடாதே. ஹால்ல கேக்கலைன்னா, 'ஒலி'ன்னு போட்டிருக்கோன்னோ, அதை மட்டும் கூட்டு. எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுத் திருகு, போதும்."

அவள் போன பிறகு மேஜையைத் துடைத்தபோதுதான் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. குமிழ்களைப் பெட்டிக்குப் பின்னாலிருந்துதான் பொருத்த வேண்டும். வழக்கமாக இடவலம் மாறிய அச்சைப் பார்த்துப் பொருத்துவார். இந்த முறை அவசரத்தில் அதை முதலிலேயே ஒட்டிவிட்டு, நேராக அச்சடித்த இந்தக் காகித நகலை எதிரே வைத்துக்கொண்டு பொருத்தியிருந்தார். பின்னாலிருந்து இடது என்றால் முன்னாலிருந்து வலது. 'ஒலி' என்ற எழுத்துக்கு மேல் சுருதிக் குமிழ். சோதித்ததும் பின்பக்கமாக உட்கார்ந்தபடியேதான். தான் எழுதியதைத் தானே யார் படித்துப் பார்க்கிறார்கள்?

பட்டுப்புடவையில் ராஜலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "ஜல்தி கிளம்புங்கோன்னா, ஆட்டோ நிக்கறது. துவாரகா என்ன பக்கத்துத் தெருவா? நாம போறதுக்குள்ள வர்ணம் முடிஞ்சுடும்."

"ராஜி, அவ சத்தத்தைக் கூட்டினா சுருதி ஏறும்."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. "ஐயோ! தொடாதேன்னு சொல்லுங்கோ."

"அதுக்குத்தானே..."

போன் அவர் காதில் இருந்தது. சொன்ன பேச்சைத் தட்டாத பெண். எழுத்தைப் படித்துவிட்டுத்தான் திருகுவாள். மறுமுனையில், மாதங்கியின் கைப்பைக்குள் எங்கேயோ, மணி அடித்துக்கொண்டே இருந்தது.