வயர்புடுங்கி சார்

காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. அண்ணனின் ஆய்வக உதவியாளர்தான் அழைத்தார். "அக்கா, சார் லேப்புக்கு வரலையேன்னு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்..." தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனை வாங்கிச் சொன்னார்.

எட்டு மணிக்கு நானும் மூன்று முறை அழைத்திருந்தேன். எடுக்கவில்லை. குளிக்கிறார், கிளம்பிவிட்டார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடம் அவர் நடத்தியது ஒரே பாடம்: பல கணினிகளைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். கரும்பலகையில் அது புரியாது என்பார். எட்டுப் பழைய கணினிகளை இணைத்து, மாணவர்கள் எழுதிய நிரலை ஓடவிட்டு, நடுவில் சத்தமில்லாமல் ஒரு வயரை உருவிவிடுவார்; ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை சமாளிக்க வேண்டும். ‘வயர்புடுங்கி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும்.

அண்ணி இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருந்தார். எங்கள் மாடியறை அவருக்காகக் காலியாகக் கிடந்தது. கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று போன வருடம் ஆய்வகத்துக்கே போனேன்.

அப்போதுதான் மற்ற கணினிகளுக்குத் தலைமை தாங்கிய மூன்றாவதன் வயரை உருவியிருந்தார். ஒரு பெண் பதறினாள்.

"சார், மூணு செத்துப்போச்சு!"

"பதில் வரலை. அவ்வளவுதாம்மா உனக்குத் தெரியும். செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"

மற்ற ஏழும் கலந்து புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தன. உடனே வயரைத் திரும்பச் செருகினார். மூன்றாவது, தானே தலைவர் என்று பழையபடி உத்தரவு போட ஆரம்பித்தது.

"கட்சி உடைஞ்சிடுச்சு சார்!" என்றான் ஒருவன். அறையே சிரித்தது.

"சிரிச்சது போதும். ஒட்டவைங்க பார்ப்போம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்பண்ணா வர்றே?"

"இந்த செமஸ்டர் முடியட்டும்."

"இதையே பத்து செமஸ்டரா சொல்றே. உன் ஓட்டை மெஷினுங்களே இதைவிட சீக்கிரம் பதில் சொல்லுதுங்க."

"லேட்டானா வரமாட்டேன்னு அர்த்தமாடி?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. மாடியறை ஜன்னலை மட்டும் தினமும் திறந்து வைத்தேன்.

எல்லாம் முடிந்து அவர் வீட்டைக் காலிசெய்யப் போனேன். முன்னறையில் மூன்று அட்டைப்பெட்டிகள். இரண்டில் புத்தகங்கள் அடுக்கிக் கயிறு கட்டியிருந்தது. மேலே அவர் கையெழுத்தில் எங்கள் வீட்டு முகவரி. மூன்றாவது பெட்டி காலி; அடிப்பக்கம் மட்டும் டேப் ஒட்டியிருந்தது.