ஒட்டுவதற்கு முன் ஒரு பார்வை

கத்தரிக்கோல் பக்கமே போகமாட்டார் கலரக்கா. ஒட்டுப்படத்துக்கான வண்ணக் காகிதத்தைக் கையால்தான் கிழிப்பார். கிழித்த துண்டைச் சாப்பாட்டு மேசையில் கிடக்கும் அட்டையில் வைப்பார், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், எடுப்பார், இரண்டு விரல் தள்ளி மறுபடி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் கழுவிய ஈரம் கையில் காயும் முன்பே இந்தக் கூத்து தொடங்கிவிடும்.

மற்ற ஆறு நாளும் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. இயந்திரம் சொட்டுக் கணக்கில் சாயம் விட்டாலும், "இன்னும் ஒரு பொட்டு கறுப்பு கேக்குது" என்று இவர் சொல்லிவிட்டால் முதலாளியே டப்பா மூடியைத் திறந்து கொடுப்பார். கடையில் பழசாகிப்போன நிற அட்டைகளெல்லாம் குப்பைக்குப் போகாமல் கலரக்காவின் பைக்குள் போகும்.

"நிறம் தனியா இருக்கறப்ப பரம சாது. பக்கத்துல இன்னொண்ணை வச்சுப் பாருங்க, சுயரூபம் தெரியும்" என்பார். ஒரே சாம்பல் துண்டை ஆரஞ்சின் மேல் வைத்து நீலமாக்கிக் காட்டுவார். நீலத்தின் மேல் வைத்துப் பழுப்பாக்குவார். "அட்டையில பாத்த கலர் சுவத்துல வரலையே" என்று சண்டைக்கு வருபவர்களிடம், "உங்க சோபா என்ன கலர்?" என்றுதான் முதலில் கேட்பார். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

இத்தனை வித்தை தெரிந்தவருக்கு வாய்த்த கணவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இளவயதில் ரயில் ஓட்டும் வேலைக்கு எல்லாத் தேர்விலும் தேறி, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர். இப்போது சாவி செய்கிறார். மேசையில் வண்ணக் காகிதம் விரிந்தால் போதும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். கூப்பிட்டால் மனம் புண்படுமோ என்று கலரக்கா கூப்பிட்டதில்லை. ஒரு நாளாவது பக்கத்தில் வந்து உட்காரமாட்டாரா என்று ஏங்கியதுண்டு.

போன மாதம் ஒரு படம் கலரக்காவைப் படுத்தி எடுத்தது. பச்சை தீட்டி, மேலே சிவப்புத் துண்டுகளை ஒட்டியிருந்தார். என்னவோ சரியில்லை. தண்ணீர் குடிக்க வந்த சாவிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நடுவுல ஏன் வெறுமனே விட்டுட்ட?"

"அங்கதாங்க அத்தனை சிவப்பும் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியல. விடு, என் கண்ணு லட்சணம்தான் உனக்குத் தெரியுமே."

கலரக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மனிதர் சொன்னது நிஜம்தான். சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தன. ஒன்றுக்கொன்று எடுப்பாக நிற்கவில்லை. நிறத்தில் மயங்கி அதைக் கோட்டைவிட்டிருந்தார். அன்றே அத்தனை துண்டுகளையும் உரித்தெடுத்தார்.

அதிலிருந்து சாவிக்காரர் பார்க்காமல் கலரக்கா பசையைத் தொடுவதில்லை.

"ஏங்க, இது எடுப்பா நிக்குதா, அமுங்கிப்போகுதா?"

"அமுங்குது."

"இது?"

"ம், நிக்குது."

நாற்காலி மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் சாவிக்காரர் காகிதத்தை மட்டும் தொடமாட்டார். கைகளை மடியிலேயே வைத்திருப்பார்.

இந்த ஞாயிறு ஒரே ஓர் இடம் பாக்கி. "வெளிர் ரோஸ் எங்க போச்சு?" என்று கலரக்கா துண்டுகளைக் கிளறித் தேடிக்கொண்டிருந்தார். சாவிக்காரர் மெல்லக் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்தார். புதுச் சாவியைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காலி இடத்தில் வைத்தார்.

"இந்த ரோஸ் சரியா வருமா பாரு."

அது வெளிர்பச்சை.

கலரக்கா அதன் முதுகில் பசை தடவி, அவர் வைத்த இடத்திலேயே வைத்து, அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அதன்மேல் அழுத்தினார்.