காரணம் எழுதச் சொன்ன சகுந்தலா சிஸ்டர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சகுந்தலா சிஸ்டர் அரியலூரிலிருந்து என்னிடம் தொலைபேசியில் பேசினார். கீழப்பழுவூரில் ஒரே பெயரில், ஒரே வயதில் இரண்டு நோயாளிகள். ஒருவருடைய சர்க்கரை அளவு மற்றவருடைய பதிவில் ஏறிவிட்டது. "மதியத்துக்குள்ள பிரிச்சு வச்சிடுறேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்தார். பத்தே முக்காலுக்கு மறுபடியும் அரியலூரிலிருந்து அழைப்பு. வரவேற்பில் இருக்கும் பெண். "சார், சகுந்தலா சிஸ்டர் எறந்துட்டாங்க." யாரோ நோயாளி என்றுதான் நினைத்தேன். "எந்த சகுந்தலா? நம்பர் சொல்லும்மா" என்றேன். அந்தப் பெண் அழ ஆரம்பித்த பிறகே எனக்குப் புரிந்தது. மருந்தகத்துக்கு நடந்து போனவர் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர்கள் சுற்றி நிற்க, ஆஸ்பத்திரிக்குள்ளேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்திரண்டு.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பெரம்பலூரில் ஒரு கட்டடம், அரியலூரில் ஒரு கட்டடம். ஒரு பிரசவ கேஸை அரியலூரிலிருந்து இங்கே பெரம்பலூருக்கு அனுப்பியபோது, அந்தப் பெண்ணுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய தாள் ஆட்டோவிலேயே தங்கிவிட்டது. இங்கே அதே ஊசியைப் போட்டார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். அதற்குப் பிறகுதான் இரண்டு கட்டடங்களையும் கம்ப்யூட்டரால் இணைக்க நிர்வாகம் முடிவு செய்தது. புரோகிராம் எழுத என்னை வேலைக்கு எடுத்தார்கள். நோயாளிகளின் பதிவுகளைக் கவனிக்க யாராவது வேண்டும் என்றபோது, சகுந்தலா சிஸ்டர் தானாகவே வந்து நின்றார். தொலைந்த தாளை எழுதியவர் அவர். "நான் எழுதுனேன் சார். ஆனா அது போயி சேரலியே" என்றார்.

முதல் மாதமே எங்களுக்குள் சண்டை. எந்த டாக்டரும் எந்த நர்சும் எந்தப் பதிவையும் உடனே பார்க்கலாம் என்று நான் அமைத்திருந்தேன். வேகந்தானே முக்கியம்! அவர் திரையைப் பார்த்தபடி, "நீங்களும் எல்லாத்தையும் பாக்கலாமா?" என்று கேட்டார். "எழுதுறவனே நான்தானே சிஸ்டர்" என்றேன். அவர் முகம் மாறியது.

"எங்க குன்னத்துல ஒரு பொண்ணுக்கு என்ன சீக்குன்னு ரிஜிஸ்டரப் பாத்த ஆயா ஒருத்தி வெளிய சொல்லிட்டா. அப்பறம் அந்தப் பொண்ண கொழாயில தண்ணி புடிக்கவே வுடல. அந்த ரிஜிஸ்டராவது ஒரு ஊர்லதான் இருந்துச்சு. நீங்க ரெண்டு ஊருக்குமில்ல தொறந்து வைக்கிறீங்க?"

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். தொலைபேசிக் கம்பியில் போகும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி எழுத்துகளைக் குலைத்து அனுப்பினோம். தன்னிடம் சிகிச்சை பெறாத ஒருவரின் பதிவைத் திறப்பவர் காரணத்தை எழுதித்தான் திறக்க வேண்டும். பெயரும் நேரமும் காரணமும் அழியாமல் நிற்கும். எனக்கும் அதே விதிதான். வெள்ளிக்கிழமைதோறும் அவர் பஸ்ஸில் பெரம்பலூர் வருவார். இருவரும் உட்கார்ந்து அந்தப் பட்டியலை வரி வரியாகப் படிப்போம்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒருநாள் நல்ல சோதனை வந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றிலிருந்து ஒரு அதிகாரி அரியலூருக்கு வந்தார். தங்கள் தொழிலாளர்களில் யார் யாருக்கு நுரையீரலில் கோளாறு என்று பட்டியல் வேண்டுமாம். எங்கள் மேலாளரே, "குடுத்துடுங்க சிஸ்டர், வேண்டியவங்க" என்றார். நான் அன்று அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. சிஸ்டர் எழுந்து தன் நாற்காலியை அந்த அதிகாரியின் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க சார். இந்தக் கட்டத்துல காரணம் எழுதணும். வேலைய வுட்டு நிறுத்தறதுக்குன்னு எழுதி, கீழ உங்க பேரப் போடுங்க. எங்க பெரிய டாக்டர் படிச்சுட்டு முடிவு பண்ணுவாரு."

அதிகாரி உட்காரவில்லை. மேலாளரைப் பார்த்துவிட்டு, கிளம்பிப் போய்விட்டார். மறுவாரம் சிஸ்டரை வார்டு வேலைக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, பதிவுகள் தாறுமாறாகிப் போனதும், அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். இடையில் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய கணவர் ராஜேந்திரன் என் அறைக்கு வந்தார். குன்னத்துப் பக்கம் பருத்தி போடுகிறவர். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"அரியலூர் டாக்டரு கம்ப்யூட்டர்ல பாத்துட்டுதான் இதயத்துல வால்வு கோளாறுன்னு சொன்னாரு சார். அப்ப அதுல முன்னாடியே இருந்துருக்குல்ல? அவளுக்குத் தெரிஞ்சிருக்குல்ல? எப்பலேருந்துன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டர் எங்கள் நோயாளியும்கூட என்பதே எனக்குத் தெரியாது. அவசரமாக அவருடைய பெயரைத் தட்டினேன். பதிவு இருந்தது. நான் எழுதிய புரோகிராம் என்னிடமே காரணம் கேட்டது. என்ன எழுதுவது? இவர் கேட்கிறார் என்றா? உண்மையில் எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. திரையை மூடிவிட்டு, "வாங்க, இதய டாக்டர்கிட்டயே கேப்போம்" என்று அவரைக் கீழே அழைத்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் வரும் இதய மருத்துவர் எங்களை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார். "பத்து மாசமா எங்கிட்டதான் பாத்தாங்க. இங்க வர்ற அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுவாங்க. ஆபரேஷனுக்குத் திருச்சி போங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பொண்ணு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்னுட்டாங்க. எனக்கு எதாவது ஆயி எங்க வூட்டுக்காரர் கேட்டா மட்டும் மறைக்காதீங்கன்னாங்க."

ராஜேந்திரன் தரையைப் பார்த்தார். பிறகு, "பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் சார் இருக்கு" என்றார்.

என் அறை மாடியில். அந்தப் பத்து மாதமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்றுதான் அவர் ஏறி வந்தார். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று ஒருமுறை கேட்டேன். "ஒடம்பு பெருத்துடுச்சு சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு ஆஸ்பத்திரி ஊழியன், மூச்சு வாங்கும் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன். இதை இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்தவர் பதிவை உரிமையில்லாமல் தொடக் கூடாது என்பது அவர் உயிரோடு இருந்தபோது எனக்குக் கொடுத்தது. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவரை வாய்விட்டுக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை அவருடைய சாவிலிருந்து எடுத்துக்கொண்டேன். போன வாரம் அவர் இடத்துக்கு வந்திருக்கும் புது சிஸ்டர் தொலைபேசியில் விடாமல் இருமினார். என்ன உடம்புக்கு என்றேன். "ஒண்ணுமில்ல சார்" என்றார். நான் போனை வைக்கவில்லை, மறுபடியும் கேட்டேன்.