வெளிக்குப் போன ஐந்தாம் வகுப்பு

செல்வராசு சாருக்குப் போன மாதம் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். வகுப்பறையைவிட வயலில்தான் அவர் அதிகம் பாடம் நடத்தினார் என்று எல்லோரும் பேசினார்கள். அதனால் அவருக்கு வந்த ஆபத்தை யாரும் சொல்லவில்லை. ஆபத்துக்குக் காரணமானவன் நன்றியுரை சொல்ல மேடையில் உட்கார்ந்திருந்ததால் மரியாதைக்கு விட்டிருக்கலாம்.

அது நடந்தபோது காரைக்காலை அடுத்த நெரவிப் பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் எனக்கு மூன்றாவது வருடம். தலைமை ஆசிரியை மெடிக்கல் லீவில் போனார். சீனியர் செல்வராசு சார்தான். அவர் வேண்டாமென்றதால் பொறுப்பு என்னிடம் வந்தது. பதவி உயர்வையே இரண்டு முறை மறுத்தவர் அவர். உயர்வு வந்தால் புதுச்சேரி அரசின் தொலைதூரப் பகுதிகளான ஏனாமுக்கோ மாஹிக்கோ தூக்கி அடிப்பார்கள். வீட்டில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் இவர் சைக்கிளில் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். மனு எழுத வேண்டியவர்கள் அவரை வழியிலேயே மடக்குவார்கள். சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுப்பார்.

அன்று ஐந்தாம் வகுப்பை வயலுக்குக் கூட்டிப் போயிருந்தார். பாடம், பரப்பளவு. புத்தகத்தில் சதுர மீட்டர், பிள்ளைகள் வீட்டில் நிலத்தை அளப்பது குழியிலும் மாவிலும். "வரப்புல நின்னு அளந்தாத்தான் சார் தலையில ஏறும்" என்பார். ஒருமுறை நானும் கூடப் போய் வழுக்கி விழுந்து, சேற்றில் என் பரப்பளவைப் பதித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பத்தரைக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து போன். "இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி அம்மா இங்கேர்ந்து கிளம்பிட்டாங்க. அடுத்து நீங்கதான்."

மூவ்மென்ட் ரிஜிஸ்டரைத் திறந்தேன். யார் பள்ளியைவிட்டு வெளியே போனாலும் இடம், நேரம், காரணம் எழுத வேண்டிய நோட்டு அது. செல்வராசு சார் எதுவும் எழுதவில்லை. அவருக்காக நானே 'இருபத்து மூன்று மாணவர்களுடன் வெளிக்களப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்' என்று எழுத ஆரம்பித்தேன். வாசலில் ஜீப் நின்றது. அவசரத்தில் பேனா நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டது.

அதிகாரி வாசித்தார். "'இருபத்து மூன்று மாணவர்களுடன் வெளிக்குப் போயிருக்கிறார்.' என்ன சார் இது?"

"பாடத்துக்குத்தாங்க மேடம்."

"வெளிக்குப் போறதுல என்ன சார் பாடம்?"

அப்போதுதான் எழுதியதைப் பார்த்தேன். 'களப் பயிற்சி'யைக் காணோம்.

"இங்க டாய்லெட் இல்லையா?"

"இருக்குங்க மேடம்."

"அப்புறம் ஏன் ஊர்வலமா போறாங்க?"

எழுந்து பின்பக்கம் போனார். டாய்லெட் பூட்டியிருந்தது. சாவி என்னிடம்தான். உள்ளே உடைந்த பெஞ்சுகள். தண்ணீர் மோட்டார் ரிப்பேராகி நான்கு மாதம். அதற்கு நான் எழுதிய கடிதம், அனுப்பாமல் என் மேஜை டிராயரில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து செல்வராசு சார் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, சேற்றுக் காலோடு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்.

அதிகாரி இரக்கத்தோடு கேட்டார். "தண்ணி இல்லாமத்தானே சார் பிள்ளைங்கள வாய்க்கால் பக்கம் கூட்டிட்டுப் போனீங்க?"

தலையை ஆட்டினால் போதும். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் ஆட்டியே காட்டினேன்.

"இல்லீங்கம்மா. பரப்பளவு நடத்தப் போனோம். பர்மிஷன் வாங்கல" என்றார். பிறகு, "நீங்க கேட்டதால சொல்றேன். பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கறதில்ல. குடிச்சா போகணும்ல."

அதிகாரி அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே புது மோட்டார் வந்தது. அதற்கு முன்பே செல்வராசு சாருக்கு மெமோ வந்துவிட்டது: அனுமதியின்றி மாணவர்களை வெளியே அழைத்துச் சென்றதற்கு விளக்கம் தரவும். டிரான்ஸ்பர் பட்டியல் தயாராகும் சமயம்.

"மெமோவோட பேரு போனா ஏனாம்தான். அப்பாவைத் தூக்கிட்டுப் போக முடியாது சார்" என்றார். நாளைக்கு மழை வரும் என்பதுபோல.

ஒரு தாளை எடுத்தேன். 'வாய்மொழியாக அனுமதி கொடுத்தது நான். பதிவேட்டில் தவறாக எழுதியதும் நானே.' பாதி உண்மை. இந்தக் கடிதத்தை மட்டும் அன்றைக்கே அனுப்பினேன்.

பட்டியலில் எங்கள் பள்ளியிலிருந்து ஒரே பெயர். என்னுடையது. தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பஸ் ஏற்றிவிட செல்வராசு சார் காரைக்கால் வந்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

"ஏன் சார் பொய் எழுதினீங்க?"

"நீங்க கேட்டிருந்தா பர்மிஷன் குடுத்திருப்பேன்ல?"

"நான் கேக்கலையே."

ஏனாமில் மூன்று வருடம். எனக்குத் தெலுங்கு தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. பரப்பளவு மட்டும் இரு தரப்புக்கும் புரிந்தது, ஆற்றங்கரையில் நடத்தியதால். செல்வராசு சாரின் அப்பா அந்த இடைவெளியில் காலமானார், தன் வீட்டில், மகன் பக்கத்தில் இருக்க.

இப்போது நான் தலைமை ஆசிரியர். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல வாத்தியார் அனுமதி கேட்க மாட்டார். நாம்தான் காலையிலேயே போய், "இன்னிக்குப் பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். நான் தினமும் கேட்கிறேன். "எங்கயும் இல்லீங்க சார், கிளாஸ்லதான்" என்கிறார்கள்.