இருபத்தெட்டு புள்ளி நாலு

1. நாலு அட்டைப்பெட்டி

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருஷம் பிசிக்ஸ் மிஸ்ஸாக இருந்தேன். கடைசி இரண்டு வருஷம் ரோபோடிக்ஸ் மிஸ். அந்தப் பட்டத்துக்கு நான் எதுவும் படிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் தாளாளர் நாலு அட்டைப்பெட்டியோடு லேபுக்குள் வந்தார், அவ்வளவுதான்.

"ஏனுங்க மிஸ், இதுல போர்டு, சென்சார், மோட்டார் எல்லாம் இருக்குது. இனி புள்ளைங்க கையால செஞ்சே கத்துக்கோணும். அட்மிஷன் நோட்டீஸ்ல போட்டாச்சு."

"எனக்குக் கோடிங் தெரியாதுங்க சார்."

"இங்க யாருக்குங்க தெரியும்? செல்போன்ல வீடியோ பாருங்க."

பார்த்தேன். பொய் சொல்வானேன், பிடித்தும் போனது. நான் எழுதிய நாலு வரிக்கு ஒரு குட்டி பல்பு மினுக்கியபோது, லேபில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கை தட்டினேன்.

ஆனால் லேப் பழைய லேப்தானே. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊசலை ஆட்டி g மதிப்பு கண்டுபிடிக்கச் சொன்னால் 9.8 வரவேண்டும். பிள்ளைக்குப் பதினொன்று வரும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்: "எத்தனைன்னு எழுதோணும்ங்க மிஸ்?" நாங்களும் கூசாமல், "ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணிக்க சாமி" என்போம். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக ரீடிங்கை நிரப்புவது. நான் படித்ததும் அப்படித்தான், சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். அதைத் தப்பு என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

2. பதினாலாவது வரி

தேன்மொழி ஒன்பதாம் வகுப்பு. எருமப்பட்டிப் பக்கம். அவள் அப்பா முருகேசன் ஒரு கம்பெனியிடம் குஞ்சு வாங்கி வளர்த்துக் கொடுக்கும் கறிக்கோழிக் கொட்டகை வைத்திருந்தார். வெயில் காலத்தில் கொட்டகை சூடேறினால் கோழி பொத்துப் பொத்தென்று விழும். அதனால் அந்த மனுஷன் மத்தியானமெல்லாம் உள்ளே போவதும், ஃபாகரைப் போட்டுத் தண்ணீர்ப் புகை அடிப்பதுமாகக் கிடப்பார். இவள் அதற்குத்தான் ப்ராஜெக்ட் செய்தாள். சூடு முப்பத்தஞ்சைத் தாண்டினால் ஃபாகர் தானாக ஓடும், சைரன் அடிக்கும்.

"எங்கப்பா ஒரு கல்யாணங் காச்சிக்குக் கூடப் போறதில்லைங்க மிஸ். இது ஆச்சுன்னா போவாருங்க."

அசல் யோசனை. வீடியோவில் பார்த்துச் செய்ததல்ல. கொட்டகைக்குள் எங்கே சூடு அதிகம் என்று நாலு மூலையிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, படம் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை அவள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சென்சார் கழுத்தறுத்தது. ஒரு நேரம் மைனஸ் காட்டுகிறது, ஒரு நேரம் ஒன்றுமே காட்டவில்லை. தாளாளர் மூன்று தடவை வந்து பார்த்தார். "அவுட்புட் வருதுங்களா, இல்லீங்களா? சீஃப் கெஸ்ட் நேரா இதுக்குத்தான் வாராரு."

நான் என்ன செய்தேன்? இத்தனை வருஷமாகச் செய்ததையே செய்தேன். கோடில், அதாவது போர்டுக்கு எழுதும் நிரலில், பதினாலாவது வரிதான் சென்சாரிடம் சூட்டைக் கேட்டு வாங்கும் வரி. அதன் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். போட்டால் அந்த வரி செத்த மாதிரி. அதற்குக் கீழே 28.4 என்று நானே எழுதினேன். மேஜைக்கு அடியில் ஒரு பட்டன். அமுக்கினால் 37 ஆகிவிடும், ஃபாகர் பீச்சும்.

"மிஸ், அது பொய்யில்லீங்களா?"

"எக்சிபிஷனுக்குத்தானே சாமி. அப்புறமேட்டு மாத்திக்கலாம்."

சீஃப் கெஸ்ட் சூடான டீ டம்ளரைச் சென்சார் பக்கத்தில் கொண்டுபோனார். தேன்மொழி கீழே அமுக்கினாள். ஒரே கைதட்டல். முதல் பரிசு. அவள் படத்தோடு பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அந்தப் படத்தில் பிள்ளை சிரிக்கவில்லை.

3. மாத்தியாச்சு

மார்ச்சில் புதுச் சென்சார் வந்தது. அவளே மாட்டினாள். கோடு லேப் கம்ப்யூட்டரில் இருந்தது, பாஸ்வேர்டு என்னிடம். எனக்கோ பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிக்கல். தலைக்கு மேல் வேலை.

"மிஸ், அந்த வரியை மாத்தோணும்ங்க."

நாளைக்கு என்றேன். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்து வெள்ளிக்கிழமையும் வந்தாள். எனக்கு எரிச்சல். "மாத்தியாச்சு, எடுத்துட்டுப் போ" என்றேன்.

மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. மாற்றவில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய அதைக் கொட்டகையில் மாட்டினார்கள். திங்கட்கிழமை முருகேசன், "எம்புள்ள மிஷின் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கொட்டகையில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தது. டிஸ்ப்ளே 28.4 காட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் தாளாளர் அறைக்கு அவர் வந்தார். சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார், கொட்டகைய உட்டுப்போட்டு ஏன் போனேன்னு கம்பெனில கேக்கறாங்க. இனிமே குஞ்சு எறக்கமாட்டோங்கறாங்க. மிஷின் பள்ளிக்கூடத்துல செஞ்சது, சரியா ஓடுச்சுன்னு நம்பித்தான் போனேன்னு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

"ஏனுங்க, கொழந்தைங்க ப்ராஜெக்ட்டை நம்பி யாராச்சும் கொட்டகையை உட்டுப்போட்டுப் போவாங்களா? இதுக்கெல்லாம் ஸ்கூல் லெட்டர் தராதுங்க." தாளாளர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க மிஸ்."

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்துக்காக ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊமையாக நின்றேன். தூ!

குஞ்சு இறங்கவில்லை. முருகேசன் ரிக் வண்டியில் போர் போடும் வேலைக்கு வடக்கே போய்விட்டார்.

4. ரெக்கார்டு நோட்

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கோடிங்கையும் நோட்டில் கையால் எழுதுவதுதான் எங்கள் பள்ளி வழக்கம். நோக்கம், தேவையான பொருட்கள், நிரல், கடைசியில் முடிவு. தேன்மொழி நோட்டைப் பிரித்து வைத்தாள். பதினாலாவது வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடும் அப்படியே இருந்தது. போர்டில் ஓடியது எதுவோ, அதையே எழுதியிருந்தாள். முடிவு என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் இப்படி:

"கருவி காட்டிய வெப்பநிலை 28.4. கோழிகள் இறந்தன. காரணம், பதினாலாவது வரி மாற்றப்படவில்லை. மாற்றியாயிற்று என்று மிஸ் சொன்னார்கள். நான் சரிபார்க்கவில்லை."

இன்ஸ்பெக்‌ஷனில் இந்த நோட்டை யாராவது பிரித்தால்?

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதிக் கொண்டா சாமி."

அவள் கோபப்படவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள்.

"எத்தனைன்னு எழுதோணும்ங்க மிஸ்?"

நக்கலாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். எல்லாப் பிள்ளைகளும் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் கற்றுக்கொடுத்த கேள்விதானே.

அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஜூனில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது லேபுக்குள் போகும் இளம் டீச்சர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்குப் பதினொன்று வந்தால் பதினொன்று என்றே எழுதட்டும். மாற்றாததை மாற்றியாச்சு என்று சொல்லாதீர்கள். முருகேசன் கேட்ட லெட்டரைத் தாளாளர்தான் தரவேண்டும் என்றில்லை, நானே என் பெயர் போட்டு எழுதியிருக்கலாம். அதில் எழுத வேண்டியதையெல்லாம் இங்கே எழுதிவிட்டேன். இனி இதைக் கொண்டுபோய் எந்தக் கம்பெனியில் காட்டுவது?