காத்திருக்கிற சர்வர்

“எத்தகைய இடர்ப்பாட்டிலும் பதற்றமின்றிச் செயல்பட்டு, நிறுவனத்தின் தரவுகளைக் காத்து, சேவை தடையின்றித் தொடர்வதை உறுதிசெய்யும் வல்லுநர்.” சான்றிதழ் பெறப்போகிறவரைத் தேர்வுக் கையேடு இப்படி வருணிக்கிறது. அதைப் படித்துக்கொண்டிருந்தவரோ, வாசல் மணி அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறவர்.

அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்பேர்’ என்று பெயர். செருப்புக்குக்கூட மாற்று ஜோடி கொண்டுவருவார். ஊரார் தரவுக்கெல்லாம் மூன்று பிரதி எடுத்து வைக்கும் அந்த மனுஷர், தன் கல்யாணப் படங்களை ஒரே பென் டிரைவில் வைத்து, அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்தவர்.

தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. இது கடைசி வாய்ப்பு. இதுவும் போனால், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவளும் ஏற்கெனவே தேறிவிட்டவளுமான பெண் அவருக்கு மேலதிகாரி ஆகிவிடுவாள். ஆகவே இம்முறை பாடத்தை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தார்.

பாடம் எளியது. ஒரே வேலைக்கு இரண்டு சர்வர் கணினிகள். ஒன்று உழைக்கும், மற்றது காத்திருக்கும். உழைப்பது ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். தகவல் நின்றால், காத்திருப்பது யாரையும் கேட்காமல் வேலையைக் கையிலெடுத்துக்கொள்ளும்.

“நீ வெளிய போனா அப்பப்ப ‘இருக்கேன்’னு மெசேஜ் போடணும். வரலேன்னா உன் வேலைய நான் எடுத்துக்குவேன்” என்றார் மனைவியிடம்.

“போன மாசம் காய்ச்சல்ல விழுந்து கிடந்தேனே, அப்ப ஒரு பாத்திரத்தைக்கூட எடுத்துக்கலையே?”

“அது வேற. நீ ஓடுற சர்வர். நான் காத்திருக்கிற சர்வர்.”

“அதத்தான் தினம் சோபாவுல பாக்குறேனே.”

ஆனாலும் அனுப்பினாள். ‘இருக்கேன்.’ ‘இன்னும் இருக்கேன்.’ ‘தொலையல, இருக்கேன்.’

தேர்வு நாள் வந்தது. பள்ளி விடும் நேரத்தில்தான் தேர்வு. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது மனைவியின் பொறுப்பு. தேர்வு மையத்தில் போனை ஒப்படைக்கும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்தார். தகவல் இல்லை. கூப்பிட்டார்; அணைந்திருந்தது.

“போனைக் குடுங்க சார். கதவைச் சாத்திட்டா அப்புறம் யாரையும் விடமாட்டோம்” என்றாள் மேசையில் இருந்தவள்.

“மெசேஜ் வரலைங்க.”

“வாழ்த்து வராட்டி பரீட்சை எழுதக் கூடாதுன்னு சட்டமா சார்?”

அவர் அதற்குள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் மகளின் ஒரு கையைப் பிடித்தார். மறு கை மனைவியிடம் இருந்தது. அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“இங்க என்ன பண்றீங்க?”

“உன் வேலைய எடுத்துக்கிட்டேன்.”

“என் வேலைய நான்தான் பாத்துட்டிருக்கேனே! உங்க வேலைய இப்ப யாரு பாக்குறா?”

இரண்டு சர்வரும் ‘நானே பொறுப்பு’ என்று ஒரே வேலையில் கைவைத்தால் விளையும் நாசத்துக்குப் பாடநூலில் தனி அத்தியாயமே உண்டு. அவர் அதைப் படிக்காமல் விட்டவரல்ல. அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்திருந்தார்.

“யாராவது ஒருத்தர் விடுங்க, வலிக்குது” என்றாள் மகள்.

அவர் கையை விட்டார். திரும்பி ஓடினார். மையத்தின் கதவு சாத்தியிருந்தது. மறுநாள் அலுவலகம் போய், புது மேலதிகாரிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, சர்வர் அறையில் அன்றைய பிரதிகளை எடுத்துவைத்தார்.