இருமல் மருந்தும் இரண்டு வருஷ விசாவும்

மருந்துக்கடையில் நிற்கிறவளிடம் யாரும் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை, "இருமலுக்கு எது நல்லாக் கேக்கும்?" என்றுதான் கேட்பார்கள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மெடிக்கலில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். டி.ஃபார்ம் படித்தவள். பில் போடுவது சகுந்தலா அக்கா. என் வீட்டுக்காரர் இங்கே உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களுக்கு மெக்கானிக்காக இருந்தார். இப்போது துபாயில் ஏசி மெக்கானிக். போய் நாலு வருஷம் ஆகிறது, நடுவில் ஒரே ஒரு தடவை ஒரு மாத லீவில் வந்தார். அவரைப் போலவே யாராவது தொண்டையைச் செருமினால் இன்னமும் சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன். வீட்டுக்காரரை விமானம் ஏற்றிவிட்டு "நாங்க நல்லா இருக்கோம்" என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்கள் இதைப் படித்தால், என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உப்புக் கரிக்கிற மருந்து

மாசி மாதம் உப்பளத்தில் வேலை சூடு பிடிக்கிற நேரம். விடியற்காலைப் பனியில் போகிறவர்கள் பாதிப் பேர் நெஞ்சுச் சளியோடுதான் திரும்பி வருவார்கள். உப்பு சுமக்கிற அஞ்சலை அக்கா இரண்டு நாள் முன்பு வாங்கிப் போன பாட்டிலைக் கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். மருந்து உப்புக் கரிக்கிறதாம், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டேனாம். தேதியைக் காட்டினேன், நம்பவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் அதன் மரையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கே வைத்துக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வேலை நடுவில் வரப்பில் உட்கார்ந்து, கூடையை இறக்கிய கையோடு திறந்து, மூடியிலேயே ஊற்றிக் குடிப்பாராம்.

மூடியைக் கழுவி, அளவு போட்ட சின்ன கப் ஒன்றைக் கொடுத்து, வீட்டுக்குப் போய்க் கையை நன்றாகக் கழுவிவிட்டுக் குடிக்கச் சொன்னேன். அவர் கையை விரித்துக் காட்டினார். வெடிப்பெல்லாம் உப்பு.

"கழுவினா மட்டும் போயிடுமா? நான் சோத்தப் பெசஞ்சாலே உப்பு சரியாயிடுது. நீ இன்னும் கொஞ்சம் இனிப்பான மருந்தாப் பாத்துக் குடும்மா."

சாம்பிள்

உப்பளம் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர், இருமல் மருந்து நாலு கம்பெனி எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். நாலையும் திறந்து ஒவ்வொரு சொட்டு உள்ளங்கையில் விடச் சொன்னார். சீல் உடைத்தால் நாலையும் நீங்கள்தான் வாங்க வேண்டும் என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உப்ப வாயில போட்டுப் பாக்காம எவனாவது லாரில லோடு ஏத்துவானா?"

வீடியோ காலில் ஒரு கஸ்டமர்

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் துபாயிலிருந்து அவர் கூப்பிடுவார். அன்றைக்குப் பேச்சை விட இருமல்தான் அதிகம் வந்தது. நெஞ்சுக்குள் களகளவென்று சளி உருளுகிற இருமல், எனக்குத் தெரியாதா? ஒரு வாரமாக இருக்கிறதாம், சொல்லவே இல்லை. அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள் என்று ஏதோ மருந்து வாங்கிக் குடித்திருக்கிறார். பாட்டிலைக் காமிராவில் காட்டச் சொன்னேன். நினைத்தது சரி. வறட்டு இருமலை அடக்குகிற மருந்து. சளி வெளியே வர வேண்டிய நேரத்தில் இருமலை அடக்கினால் சளி எங்கே போகும்?

அதை ஓரமாக வைக்கச் சொல்லி, சளியை இளக்குகிற மருந்து எது, எவ்வளவு, எத்தனை வேளை என்று சொன்னேன். சளி என்ன நிறம், காய்ச்சல் உண்டா, மூச்சு இழுத்தால் வலிக்கிறதா, வெந்நீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தால் முதுகில் கை வைத்தே தெரிந்துகொண்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னார்:

"கஸ்டமர்கிட்ட பேசற மாதிரியே பேசற, வாணி. கொஞ்சம் பொண்டாட்டி மாதிரி பேசு."

மூன்றாவது பாட்டில்

குப்பத்திலிருந்து மீன்பிடிக்கிற ஒருவர் மூன்றாவது பாட்டில் கேட்டு வந்தார். மூன்று வாரமாக இருமலாம். எடுத்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் தாண்டினால் மருந்துக்கடையில் வேலை இல்லை, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி டெஸ்ட் கொடுங்கள், காசு கேட்க மாட்டார்கள் என்றேன். நாளைக்குப் போகிறேன், இன்றைக்கு மட்டும் கொடு என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை.

இது நான் தினமும் பாடுகிற பாட்டுதான். ஆனால் அன்றைக்குப் பாடும்போதே மனசு கணக்குப் போட்டது. என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்து பதினேழு நாள். ஊருக்கெல்லாம் சொல்கிறதை அவருக்கு மட்டும் நான் சொல்லவில்லை. விசா புதுப்பிக்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டிய மாதம் அது. படத்தில் ஏதாவது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் அறையில் எல்லோருக்கும் பயம். கிளம்பும்போது அந்த மீனவர் கேட்டார்:

"உன் வீட்டுக்காரரா இருந்தாலும் இப்படித்தான் பாட்டில எடுத்து உள்ள வெப்பியாம்மா?"

எக்ஸ்ரே

அன்றைக்குச் சாயங்காலமே துபாய்க்குப் போன் போட்டு, அவரையும் சளி டெஸ்ட் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இருமல் குறைந்துவிட்டது, திங்கட்கிழமை எப்படியும் எக்ஸ்ரே இருக்கிறது, அதில் தெரிந்துவிடும் என்றார். குரலில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். நோய் வேண்டாம். ஆபத்தே இல்லாத ஒரு சின்ன நிழல் படத்தில் விழட்டும், பார்க்கிறவர் சந்தேகப்பட்டு ஊருக்குப் போ என்று சொல்லட்டும் என்று மூன்று நாள் வேண்டிக்கொண்டேன். பாதியில் நிற்கிற வீட்டைக் கட்டி முடிக்கலாம், போய் வாருங்கள் என்று அவரை அனுப்பியவளும் நான்தான். அவர் வந்து கூரை போடாத அந்த வீட்டில் உட்கார்ந்து இருமினால் போதும் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மெசேஜ் வந்தது. படம் கிளியர். விசா இன்னும் இரண்டு வருஷம். இருமல் சுத்தமாக நின்றுவிட்டது, எல்லாம் நீ சொன்ன மருந்துதான். ரொம்ப சந்தோஷம் என்று பதில் போட்டுவிட்டு, ஸ்டாக் எடுக்கிற மாதிரி உள்ளே போய் நின்றேன். சகுந்தலா அக்கா பின்னாலேயே வந்துவிட்டார். அவரிடம் வேண்டுதல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"வந்துருந்தார்னு வெச்சுக்கோ, நாலாவது நாளே இருமல் சத்தத்துல தூக்கமே இல்லக்கான்னு எங்கிட்ட வந்து நின்னிருப்ப. அப்படி நிக்கறதுக்குத்தானேடி உனக்கு ஆசை."

பதினோரு வருஷத்தில் நான் சொன்ன மருந்து இவ்வளவு நன்றாகக் கேட்டதும் இதுதான் முதல் தடவை, ஒரு மருந்து கேட்டதற்காக நான் அழுததும் இதுதான் முதல் தடவை.